கேட்காமல் ஏறிய மாடிப்படி

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

இவ்வளவு காலம் வாயைத் திறக்காமல் இருந்தது போதும். கீழ்த்தளத்துக் குழாய் வெடித்து நான் கணுக்கால் தண்ணீரில் நின்றபோது உனக்கு எழுதவில்லை. உன் தளத்து வரிபாக்கி நோட்டீஸை என் கதவில் ஒட்டிவிட்டுப் போனபோதும் எழுதவில்லை. மாப்பிள்ளை எனக்கு 'சாக்பீஸ் முதலாளி' என்று பெயர் வைத்திருப்பது காதில் விழுந்தது. கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன் கட்டடம் வாங்கினால் அப்படித்தான் சொல்வார்கள் என்று அதையும் விழுங்கிக்கொண்டேன். இன்று எழுதுகிறேன். இன்று ஒரு ஆள் வந்து நம் மாடிப்படியை அளந்தான்.

உன் அண்ணி பக்கவாதத்தில் விழுந்தது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை எப்படிப் போகிறது என்பது தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் அவளைப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். நாற்காலியில் உட்கார வைத்து, நான் ஒரு பக்கம், கீழே வாடகைக்கு இருக்கும் பல் டாக்டர் ஒரு பக்கம் என்று தூக்கி இறக்குகிறோம். டாக்டர் நல்ல மனிதர். "என்னம்மா, வாராவாரம் பல்லக்குல போறீங்க, ஒரு நாளாவது பல்லைக் காட்டக் கூடாதா?" என்பார். அவளும் பாதி வாயால் சிரிப்பாள்.

இன்று பாதிப் படியில், திருப்பத்தில், நாற்காலியை இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தோம். கீழே ஒருவன் அளவு நாடாவை விரித்துக்கொண்டு ஏறி வந்தான். "அம்மா, கொஞ்சம் அந்தப் பக்கம் சாய்ஞ்சுக்குங்க, டேப் மாட்டுது" என்றான். யார் என்று கேட்டேன்.

"கீழ்த்தளத்தை நான் வாங்கறேன் சார். டைல்ஸ் ஷோரூம். இந்தப் படியை எடுத்துட்டா முன்ஹால் முழுசாக் கிடைக்கும்."

"படியை எடுத்துட்டா நாங்க எப்படி இறங்கறது?"

"பின்னாடி இரும்புப் படி இருக்குதே சார்."

கட்டடத்தை நமக்கு விற்ற செருப்பு வியாபாரி, தண்ணீர்த் தொட்டி கழுவுகிறவனுக்காகப் போட்ட சுருள்படி அது. அதில் நானே தோளைச் சாய்த்துத்தான் ஏற வேண்டும். நாற்காலி முதல் வளைவிலேயே மாட்டிக்கொள்ளும்.

பத்திரத்தின்படி மாடிப்படி உன் தளத்தில் நிற்கிறது என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். நீ விற்கப்போவதை எனக்குச் சொல்ல அந்த டைல்ஸ்காரன்தான் கிடைத்தானா?

இப்படிக்கு,
உன் அண்ணன்

பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணா,

"அன்புள்ள தங்கைக்கு" என்று ஆரம்பித்திருக்கிறாய். நான் பிறந்ததிலிருந்து நீ என்னை வாலு என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். கடிதத்தைப் பிரித்ததுமே விஷயம் புரிந்துவிட்டது.

நான் சொல்லவில்லை என்பது பொய். மூன்று தடவை போன் பண்ணினேன். மூன்று தடவையும் "அண்ணிகிட்ட பேசு" என்று கொடுத்துவிட்டு எழுந்து போனாய். அண்ணிக்குப் பேச்சு குழறுகிறது. அவர்களிடம் போய் "வீட்டை விற்கப்போறேன்" என்று எப்படிச் சொல்வது? நேரில் வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். இங்கிருந்து அங்கே வர டிக்கெட் என்ன விலை என்று உனக்கும் தெரியும்.

இவர் கடையை மூடியாயிற்று. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும்தான். ஒரு காலத்தில் உன்னைக் கிண்டல் பண்ணியவர் இப்போது நாள் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற கார்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கடைக் கடனுக்குக் கீழ்த்தளத்தையும் நாங்கள் இருக்கும் வீட்டையும் சேர்த்து ஈடு வைத்திருக்கிறோம். கீழ்த்தளத்தை நானே நல்ல விலைக்கு விற்றால் இந்த வீடு தப்பும். பேங்க் ஏலம் போட்டால் கிடைப்பது பத்தாது, இரண்டும் போய்விடும்.

வாங்க இதற்கு முன்னால் இரண்டு பேர் வந்தார்கள். இரண்டு பேரும் பத்திரத்தைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "மேல் வீட்டுக்காரர் எந்த வழியா ஏறுறார்?" சொன்னதும் போய்விட்டார்கள். டைல்ஸ்காரர் ஒருவர்தான் நிற்கிறார். மாடிப்படியில் மேல்தளத்துக்குப் பாத்தியம் ஏதும் இல்லை என்று நீ ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும் என்கிறார். பின்னால் இருக்கும் படியைத் தன் செலவில் அகலப்படுத்தித் தருவாராம்.

அண்ணா, நான் கெட்டவள் இல்லை. எனக்கு வேறு வழி இல்லை.

வாலு

மார்ச் 4

தங்கைக்கு,

பின்பக்கச் சந்து மூன்று முழம் அகலம். அதற்குள் எதை அகலப்படுத்துவான் உன் டைல்ஸ்காரன்? வாயால் சொன்னதை எழுதித் தருவாயா என்று அவனிடம் கேட்டேன். "நம்பிக்கைதான் சார் முக்கியம்" என்கிறான். என் கையெழுத்து மட்டும் அவனுக்கு முத்திரைத்தாளில் வேண்டும்.

ஆகவே வக்கீலைப் பார்த்தேன். என் பழைய மாணவி. என் பாடத்தில் இரண்டு முறை தோற்றவள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், பிறகு உட்கார்ந்துகொண்டு என்னைத் தோற்கடித்தாள்.

"பின்னாடி வேற படி இருக்கா சார்?"

"இருக்கு. பூனை ஏறும்."

"பூனை ஏறினாப் போதும் சார். வேற வழியே இல்லைன்னு இனிமே நாம சொல்ல முடியாது. பாகப் பத்திரத்துல வழிநடை பாத்தியம்னு ஒரு வரி எழுதியிருந்தா நீங்க இங்க வந்திருக்கவே வேண்டாம்."

"கூடப் பொறந்தவங்களுக்குள்ள அதெல்லாம் யாரும்மா எழுதுவாங்க?"

"என் ஆபீசுக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அதைச் சொல்லிக்கிட்டுதான் சார் உள்ளே வர்றாங்க."

பிறகு மேசையின் மேல் சாய்ந்துகொண்டு கேட்டாள்: "இத்தனை வருஷமா அந்தப் படியில ஏறினீங்களே, யாரையாவது கேட்டு ஏறினீங்களா, கேட்காம ஏறினீங்களா?"

"என் வீட்டுக்கு நான் ஏற யாரைக் கேட்கணும்?"

"அதை அப்படியே கோர்ட்டுலயும் சொல்லுங்க. கோபத்தோட சொன்னா இன்னும் நல்லது."

சட்டம் எப்படி இருக்கிறது பார். மற்றவர் இடத்தில் ஒருவன் யாரையும் கேட்காமல், தன் உரிமை போல, பல வருடம் நடந்தால் அந்த வழி அவனுக்குச் சொந்தமாகிவிடும். அதற்கு வேண்டிய வருடங்களை நாம் எப்போதோ தாண்டிவிட்டோம். ஆனால் இடத்துக்காரர் "வா, தாராளமா நடந்துக்கோ" என்று அன்பாகச் சொல்லியிருந்தால் போயிற்று. அது வெறும் அனுமதி. கொடுத்தவர் நினைத்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஆரம்பத்திலிருந்தே நீயும் நானும் முறைத்துக்கொண்டிருந்தால் இன்று என் மனைவிக்கு இறங்க ஒரு படி இருக்கும்.

வழக்குப் போட்டுவிட்டேன். விற்பனைக்கு இடைக்காலத் தடையும் கிடைத்துவிட்டது. உன்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்கள். அனுமதி கொடுத்ததாக நீ சொல்லாமல் இருந்தால் போதும். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

சம்மன் நான் வேலை செய்யும் இடத்துக்கு வந்தது. பள்ளிக்கூட வேன்களுக்கு ரூட் போடுகிற ஆபீஸ், ஒரே அறை, ஏழு பேர். கொண்டுவந்தவன் என் பெயரைச் சத்தமாகப் படித்தான். எதிரே உட்காரும் பெண், "யாரு கேஸ் போட்டிருக்கிறது?" என்று கேட்டாள். "ஒரு குடித்தனக்காரர்" என்று சொன்னேன். அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை.

நீ எதுவும் கேட்டதில்லை என்கிறாய். கேட்டிருக்கிறாய். நீயும் அண்ணியும் குடிவந்த அன்று, தலையில் படுக்கையைச் சுமந்துகொண்டு, முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, நாடகக்காரன் மாதிரி, "அம்மணி, அடியேன் மேலே ஏறலாமா?" என்று கேட்டாய். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏறிக்கோ, எப்ப வேணா ஏறிக்கோ, ஆனா செருப்பைக் கழட்டிட்டு ஏறு" என்றேன். அண்ணி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த விளக்கு விழுந்து உடைந்தது. உனக்கு நினைவு இல்லை என்று சொல்லாதே.

எங்கள் வக்கீலும் அதே கேள்வியைக் கேட்டார். அது எதற்கென்று தெரியாமல் இந்தக் கதையைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். அவர் மேசையைத் தட்டி, "கேஸ் முடிஞ்சுதும்மா!" என்றார். வீட்டுக்கு வந்து என்னால் சாப்பிட முடியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கட்டடத்தை நமக்குள் பாகம் பிரிக்க சர்வேயர் கோடு போட வந்தபோது, "படி யாருக்குங்க?" என்று கேட்டார். "ரெண்டு பேருக்கும்" என்றேன் நான். "அப்ப அதை ஒரு வரி எழுதிடலாம்" என்றார். எழுதினால் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும், வேண்டாம் என்று சொன்னது யார் அண்ணா? ஆளுக்கொரு தளம், ஆளுக்கொரு பத்திரம், ஆளுக்கொரு கடன் என்று கரும்பலகையில் போடுகிற மாதிரி எனக்கு விளக்கியது யார்? நான் முதலீடு செய்தது கட்டடத்தில் இல்லை. என் அண்ணன் படித்தவன் என்பதில்தான் போட்டேன்.

சண்டை வேண்டாம் என்று டைல்ஸ்காரரிடம் இரண்டு மணி நேரம் கெஞ்சினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார். அண்ணி இருக்கும்வரை படியை இடிக்க மாட்டார். வருடத்துக்கு ஒரு தடவை நீ அவரிடம் எழுதி அனுமதி கேட்டால் போதும்.

தயவுசெய்து யோசி.

வாலு

ஏப்ரல் 2

உன் கடிதத்தை நான் கல்லூரிக்குப் போயிருந்தபோது தபால்காரர் உன் அண்ணியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். நான் வந்தபோது அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு எக்ஸ்பைரி தேதி போட்டுட்டாங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்று உனக்குத் தெரியாது.

உனக்கு என் பதில் இதுதான். ஒரு ஓடு விற்கிறவனிடம் ஒவ்வொரு வருடமும் என் மனைவி இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள், படியைக் கொஞ்ச நாள் விட்டுவையுங்கள் என்று விண்ணப்பம் போட நான் தயாராக இல்லை. அப்படி ஒரு ஏற்பாட்டை யோசிக்க உனக்கு மனசு வந்ததே, அதுதான் எனக்கு ஆச்சரியம்.

என் தளத்தில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்த இரண்டு பையன்களும் காலி செய்துவிட்டார்கள். வழக்கு நடக்கும் கட்டடத்தில் எதற்கு வம்பு என்று அவர்கள் வீட்டில் சொல்லிவிட்டார்களாம். இதையும் உன் லாபக் கணக்கில் சேர்த்துக்கொள்.

இனி எதுவானாலும் வக்கீல்கள் மூலம்.

ஏப்ரல் 27

ஐயா,

மேற்படி வழக்கில் எனது உரிமைகளுக்கு எவ்விதப் பாதகமும் இன்றி இக்கடிதம் எழுதப்படுகிறது. தங்களால் பெறப்பட்ட இடைக்காலத் தடையின் காரணமாக கீழ்த்தளத்தின் விற்பனை தடைபட்டுள்ளது. இதனால் எனக்கு ஏற்படும் இழப்புகள் அனைத்துக்கும் தாங்களே பொறுப்பாவீர்கள். ஜூன் இறுதிக்குள் விற்பனை நிறைவேறாவிடில் கீழ்த்தளமும் எனது குடியிருப்பும் வங்கியால் ஏலத்தில் விடப்படும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். சாட்சி விசாரணைக்கு நேரில் ஆஜராவேன்.

அண்ணா, மேலே உள்ளது வக்கீல் சொல்லச் சொல்ல எழுதியது. கீழே இருப்பது பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். அண்ணியிடம் சொல், நான் அந்த அர்த்தத்தில் எழுதவில்லை. படி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். எதற்கு என்ன அர்த்தம் வரும் என்று எனக்கு இப்போதெல்லாம் தெரிவதில்லை. பேனாவை எடுக்கவே பயமாக இருக்கிறது. அண்ணி இப்போது எப்படி இருக்கிறார்கள்? சாப்பிடுகிறார்களா?

ஜூலை 11

வாலு,

தீர்ப்பு வந்துவிட்டது. உன் வக்கீல் சொல்லியிருப்பார். மாடிப்படியில் மேல்தளத்துக்கு வழிநடை பாத்தியம் உண்டு, அதை யாரும் இடிக்கவோ மறிக்கவோ கூடாது. நான் ஜெயித்துவிட்டேன். என் மாணவி இனிப்பு வாங்கி அனுப்பியிருந்தாள். பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது.

நீ கூண்டில் ஏறி நின்றதை நான் மூன்றாவது பெஞ்சிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இளைத்துப்போயிருந்தாய். உன் வக்கீல் சிரித்த முகத்தோடு எழுந்து, "குடிவந்த அன்னைக்கு உங்க அண்ணன் உங்ககிட்ட அனுமதி கேட்டாரா?" என்றார். அடுத்து வரப்போகிற பதில் அவருக்கு மனப்பாடம். எனக்கும்தான். படுக்கை, அம்மணி, செருப்பு, உடைந்த விளக்கு எல்லாம் இப்போது வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்லைங்க. அவர் என்னைக் கேட்டதே இல்லை" என்றாய்.

அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்றார்.

"யோசிச்சுத்தான் சொல்றேன். நான் வான்னு சொன்னதும் இல்லை, அவர் கேட்டதும் இல்லை. எங்களுக்குள்ள அப்படிப் பேச்சுவார்த்தையே கிடையாது."

அதை எழுதிக்கொண்டார்கள். இனி அது அந்த வழக்குக் காகிதக் கட்டுக்குள் உண்மையாக இருக்கும். ஒரு வீட்டில் பிறந்த இரண்டு பேர், ஒருவரை ஒருவர் ஒரு முறைகூட உள்ளே வா என்று கூப்பிடாதவர்கள்.

அன்று மாலை நீ கட்டடத்துக்கு வந்தாய். எனக்குத் தெரியும். கீழே ஹாலில் பல் டாக்டரோடு பேசிக்கொண்டிருந்த குரல் மேலே கேட்டது. "போய்ப் பாருங்களேன்மா, மேலேதான் இருக்காங்க" என்று அவர் சொன்னார். உன் பதில் கேட்கவில்லை. நான் படியின் உச்சியில், நீ பார்க்க முடியாத இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். எதிர்க்கட்சியோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது, தீர்ப்பு வரட்டும் என்று என் மாணவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். வா என்று நான் சொல்லியிருக்கலாம். உன் சொந்தப் படியில் ஏறி வா என்று நான் உன்னைக் கூப்பிடுவது சட்டத்தில் எதில் சேரும் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

டைல்ஸ்காரன் முன்பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான். ஏல அறிவிப்பைப் போன வாரம் முன்கதவில் ஒட்டினார்கள். உன் வீட்டு வாசலிலும் ஒட்டியிருப்பார்கள். டாக்டர் வேறு இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஏலத்தில் எடுக்கப்போகிறவன் யாரோ, அவன் மேல்கோர்ட்டுக்குப் போவான், போனால் எல்லாவற்றையும் மறுபடி தோண்டுவான் என்று என் மாணவி எச்சரித்திருக்கிறாள். "சார், இந்த விஷயமா ஒரு துண்டுத் தாள்லகூட உங்க கையெழுத்து இருக்கக் கூடாது" என்றாள்.

நீ சாட்சி சொன்ன அன்று இரவே உன் அண்ணியிடம் கோர்ட்டில் நடந்ததைச் சொன்னேன். மறைத்திருக்கலாம், ஆனால் அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. மறுநாள் பயிற்சிக்குப் போக நாற்காலியைக் கொண்டுவந்தபோது நல்ல கையால் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்தப் படியில நான் இனிமே இறங்க மாட்டேன்."

"பின்ன எதுக்கு இவ்வளவும் பண்ணேன்?"

"எனக்காகவா பண்ணீங்க?" என்றாள்.

டாக்டரும் சொல்லிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார், பல் ஜோக்கும் சொல்லிப் பார்த்தார். அவள் அசையவில்லை. நான்கு வாரமாகப் பயிற்சி இல்லை. வலது கால் மறுபடி மரத்துக்கொண்டு வருகிறது. மாடிப்படி அகலமாக, பாத்தியத்தோடு, காலியாகக் கிடக்கிறது.

உனக்கு நன்றி சொல்ல இதை எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன் மேல் எனக்கு இருந்த கோபங்களை எல்லாம் நான் பத்திரமாக வைத்திருந்தேன். குழாய், வரி, சாக்பீஸ், டைல்ஸ்காரன், எக்ஸ்பைரி தேதி. ஒரே ஒரு பொய்யைச் சொல்லி அத்தனையையும் என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய். உண்மையைச் சொல்லி என்னைத் தோற்கடித்திருந்தால் சாகும்வரை உன்னைத் திட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். பொய் சொல் என்று கேட்டது நான்தான், தெரியும். நீ சொல்வாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

கோர்ட் எழுதிக்கொண்டது இருக்கட்டும். நீ என்னை வா என்று சொன்னாய். நான் கேட்டேன், நீ இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாய். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினேன். விளக்கு உடைந்தது, கண்ணாடிச் சில்லை நீதான் பொறுக்கினாய். சர்வேயரிடம் எழுத வேண்டாம் என்று சொன்னது யார் என்று கேட்டிருந்தாய். அதற்கும் பதில் உனக்குத் தெரியும்.

இதன் கீழே என் பெயரை எழுதிவிட்டால் நீயோ மாப்பிள்ளையோ நாளைக்கு ஏலம் எடுப்பவனோ இந்த ஒரு தாளை வைத்துப் படியைப் பறித்துவிடலாம். அப்படிச் செய்தால் உன் வீடு பிழைக்குமா என்று என் மாணவியிடம் யாரோ ஒருவருடைய வழக்கு போலக் கேட்டேன். "இல்லை சார், ஏல அறிவிப்பு வந்த பிறகு விக்கறவங்க கையிலயும் ஒண்ணும் இல்லை, வாங்கறவங்களும் வர மாட்டாங்க" என்றாள். உனக்கு உதவாது என்று தெரிந்த பிறகும் பேனா அந்த இடத்தில் இறங்க மறுக்கிறது. உன் அண்ணி என்றைக்காவது மனசு மாறினால் இறங்க ஒரு படி வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் மாற மாட்டாள்.

எழுத்து யாருடையது என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். உறையின் பின்னால் அனுப்புநர் முகவரியும் எழுதப்போவதில்லை. கையெழுத்துப் போடாமலே இதைத் தபாலில் சேர்க்கிறேன்.